ஊர்வலம் முடிந்த மறுநாள்

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு மாலை நேரம். காணாமல் ஆக்கப்பட்டோருக்காக மட்டக்களப்பு நகரில் நடந்த ஊர்வலத்தில் கலந்துகொண்டு, வாடகைக்குப் பிடித்த பஸ்ஸில் பழுகாமத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். களுவாஞ்சிகுடியில் திரும்பிப் பட்டிருப்புப் பாலத்தில் ஏறும்போது வாவியில் வெளிச்சம் மங்கிவிட்டது. பகல் முழுவதும் கோஷம் எழுப்பிய குரல்கள் ஓய்ந்திருந்தன. இனி அடுப்பு மூட்ட வேண்டும், மாட்டைப் பிடித்துக் கட்ட வேண்டும், பிள்ளைகள் பசியோடு இருப்பார்கள் என்ற யோசனை ஒவ்வொருவர் முகத்திலும் இருந்தது.

எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மா இருந்தார். 1990ஆம் ஆண்டில் மகனைப் பறிகொடுத்தவர். மகனின் படத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். பாலம் கடந்ததும் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ஊர்வலம் போய் வந்தாச்சு புள்ள. இனி நாளைக்கு என்ன செய்யிற?"

என்னிடம் பதில் இல்லை. எங்கள் திட்டம் பஸ் திரும்பி வருவதோடு முடிந்திருந்தது. எத்தனை பேர் வந்தார்கள் என்று பட்டியல் எழுதினோம், படம் பிடித்தோம், அறிக்கை அனுப்பினோம். வந்தவர்களை மீண்டும் கூட்டி, "நேற்று நாம் கேட்டது என்ன? அதற்கு யார் பதில் சொல்ல வேண்டும்?" என்று கதைக்கவில்லை. சமூகவியல் படித்தவள் நான். மக்கள் பங்கேற்பு என்பது பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்த அம்மாவின் கேள்விதான் அந்தப் பாடத்தை எனக்கு முதன்முதலாக விளங்கவைத்தது.

ஊர்வலம் என்பது ஒரு கேள்வியை எல்லோருக்கும் கேட்கும்படி கேட்பது. பதிலை வாங்குவது அதற்குப் பிந்திய வேலை. அந்த வேலை சத்தமில்லாதது, நாட்பட்டது. அதனைச் செய்ய ஆள் இல்லாவிட்டால் கேள்வி வீதியிலேயே நின்றுவிடும்.

எமக்கு முன் நடந்தவர்கள்

வீதிக்கு இறங்குவது எமது பெண்களுக்குப் புதியதல்ல. 1984ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில், கைது செய்யப்பட்ட இளைஞர்களை விடுவிக்குமாறு கோரி அன்னையர் முன்னணியின் ஆயிரக்கணக்கான பெண்கள் கச்சேரிக்கு ஊர்வலமாகச் சென்றார்கள். 1986இல் கிழக்கில் அன்னையர் முன்னணிப் பெண்கள் உலக்கைகளோடு வெளியே வந்து, இயக்கங்களுக்கிடையிலான கொலைகளைத் தடுத்தார்கள். 1988இல் அதே முன்னணியைச் சேர்ந்த பூபதி அம்மா, போர்நிறுத்தமும் பேச்சுவார்த்தையும் வேண்டுமென்று கேட்டு, மார்ச் 19 முதல் மாமாங்கேஸ்வரர் ஆலய முன்றலில் உண்ணாவிரதம் இருந்து ஏப்ரல் 19இல் உயிர் நீத்தார்.

இவற்றை நாம் நினைவுகூருகிறோம். பின்னர் என்ன நடந்தது என்பதை அவ்வளவாகக் கதைப்பதில்லை. யாழ்ப்பாணத்து அன்னையர் முன்னணியின் கதையை "முறிந்த பனை" நூல் பதிவு செய்திருக்கிறது. அந்த நூலை எழுதிய நால்வரில் ஒருவரான ராஜனி திரணகம 1989 செப்டெம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயுதம் வைத்திருந்தவர்கள் அந்த முன்னணியைத் தமது பிடிக்குள் கொண்டுவர முயன்றதையும், அதன் வேகமும் தனித்துவமும் குறைந்து அது வழமையான ஒரு நலன்புரிச் சங்கம் போலாகியதையும் அந்நூல் கூறுகிறது. ஊர்வலம் நடத்தியது தாய்மார். அடுத்தது என்ன என்று தீர்மானிக்கும் இடம் அவர்களது கையை விட்டுப் போனது.

அண்மைக் காலத்திலும் பார்த்திருக்கிறோம். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தனர். பதில் தெரியாமலே பல தாய் தந்தையர் இறந்துவிட்டனர். 2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவில் முதல் பொலிகண்டி வரையான பேரணி நடந்தது. தமிழரும் முஸ்லிம்களும் அதில் சேர்ந்து நடந்தனர். கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரிப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் அதன் கோரிக்கைகளில் ஒன்று. அதே மாதம் 25ஆம் திகதி அடக்கம் செய்ய அனுமதித்து வர்த்தமானி வெளியானது. எமது மாவட்டத்தின் ஓட்டமாவடியில் உடல்கள் அடக்கம் செய்யப்பட்டன. இது ஒரு பேரணியால் மட்டும் கிடைத்தது அல்ல. பெற்றோரும் சட்டத்தரணிகளும் சமயப் பெரியோரும் சர்வதேச அமைப்புகளும் பல மாதங்களாக எழுதியும் வழக்காடியும் வந்தார்கள். பேரணி அந்த வேலைக்குப் பலம் சேர்த்தது.

2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் தவித்தபோது, மட்டக்களப்பு நகரில் பெண்கள் ஒரு புதிய வழியைக் கண்டார்கள். பெரிய கூட்டம் சேரும் வரை காத்திருக்கவில்லை. கல்லடிப் பாலத்துப் பக்கமிருந்து காந்திப் பூங்கா வரை நாளாந்தம் நீதிக்காக நடந்தார்கள். சில நாட்களில் ஆட்கள் குறைவு. ஆனாலும் நடை நிற்கவில்லை. ஒருநாளில் ஆயிரம் பேர் வருவது ஒரு பலம். பத்துப் பேர் திரும்பத் திரும்ப வருவது இன்னொரு பலம்.

கடலுக்கு அப்பால் சில பாட்டிமார்

ஆர்ஜென்டீனா என்ற தேசத்தில் இராணுவ ஆட்சி நடந்த காலம். 1977 ஏப்ரல் 30இல் பதினான்கு தாய்மார் தலைநகரின் மே சதுக்கத்தில் கூடி, காணாமல் போன தமது பிள்ளைகள் எங்கே என்று கேட்டார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நடவுங்கள் என்று பொலிஸார் விரட்டினர். அவர்கள் சதுக்கத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். வியாழக்கிழமைகளில் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டி நடந்த அந்த நடை பல தசாப்தங்கள் தொடர்ந்தது. தொடக்கத்தில் முன்னின்ற தாய்மாரில் சிலரும் பின்னர் கடத்திக் கொல்லப்பட்டனர்.

அவர்களுள் பாட்டிமாரும் இருந்தார்கள். கர்ப்பிணியாகப் பிடிக்கப்பட்ட தமது பெண்பிள்ளைகள் சிறையில் பெற்ற குழந்தைகள் வேறு குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. அந்தப் பேரப்பிள்ளைகளை அடையாளம் காண்பது எப்படி? தாயும் தகப்பனும் இல்லை. பாட்டியின் இரத்தத்தைக் கொண்டு பேரப்பிள்ளையைக் கண்டுபிடிக்க முடியுமா என்று அவர்கள் வெளிநாடுகளுக்குப் போய் விஞ்ஞானிகளைக் கேட்டார்கள். வழி கிடைத்தது. 1987இல் இதற்கென ஒரு தேசிய மரபணு வங்கி சட்டத்தால் அமைக்கப்பட்டது. இதுவரை 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளனர்.

எமது நிலையும் அவர்களது நிலையும் ஒன்றல்ல. அங்கே ஆட்சி மாறியது, வழக்குகள் நடந்தன. ஆனால் வியாழக்கிழமை சதுக்கத்தில் நடந்த அதே பெண்கள்தான் மற்ற நாட்களில் கோவைகளைப் புரட்டினார்கள், பிறப்புப் பதிவுகளைத் தேடினார்கள். எமக்கு வேண்டிய பாடம் அதுதான்.

முதல் கிழமையில் செய்யக்கூடியது

அந்த அம்மாவின் கேள்விக்குப் பிறகு நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். எந்த ஊர்வலத்துக்குப் போனாலும் ஏழு நாட்களுக்குள் மாதர் சங்கக் கட்டடத்திலோ ஒருவர் வீட்டு முற்றத்திலோ கூடுவோம். தேநீர் குடித்துக்கொண்டு மூன்று விடயங்களை மட்டும் கதைப்போம். நாம் கேட்டது என்ன? அதற்குப் பதில் சொல்லக்கூடிய அலுவலகம் எது? அடுத்து எந்தத் திகதியில் யார் போவது?

"நீதி வேண்டும்" என்பது பெரிய கேள்வி. அதனை எந்த அலுவலகத்தின் மேசையிலும் வைக்க முடியாது. "1994க்குப் பின்னர் ஆணைக்குழுவுக்கு நான் கொடுத்த முறைப்பாட்டின் இலக்கம் இது. அதில் என்ன விசாரணை நடந்தது?" என்பது சிறிய கேள்வி. அதற்கு ஓர் உத்தியோகத்தர் ஆம் என்றோ இல்லை என்றோ எழுத வேண்டும். பெரிய கேள்வியை விட்டுவிடாமல் அதன் சிறிய துண்டுகளைக் கையில் எடுப்பதுதான் மறுநாள் வேலை.

எல்லோரும் எல்லாவற்றையும் செய்யத் தேவையில்லை. எழுதத் தெரிந்தவர் எழுதட்டும். தொலைபேசி வைத்திருப்பவர் அழைக்கட்டும். வயதானவர்களுக்குத் துணையாக ஒருவர் பஸ் ஏறட்டும். கூட்டத்துக்கு வர முடியாதவரின் பிள்ளைகளை இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும். இதுவும் பொதுவேலைதான்.

ஒரு கொப்பி, ஒரு கோவை

எமது பெண்கள் எத்தனை இடங்களில் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்! 1994இன் பின்னர் அமைக்கப்பட்ட ஆணைக்குழு, 2010இல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் அமைக்கப்பட்ட பரணகம ஆணைக்குழு, 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமல் போனோர் அலுவலகம் என்று நீள்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு, ஓர் இலக்கம். 2007இல் படுவான்கரை இடம்பெயர்ந்தபோது அந்தத் துண்டுகள் பல வீட்டோடு போய்விட்டன. வெள்ளத்திலும் சில போயின.

ஆகவே ஒரு கோவை வேண்டும். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, செஞ்சிலுவைச் சங்க அட்டை, மனித உரிமைகள் ஆணைக்குழு இலக்கம், கிராம உத்தியோகத்தரின் கடிதம், பிறப்புச் சான்றிதழ், படம் ஆகிய எல்லாவற்றையும் பொலித்தீன் உறையில் வையுங்கள். போட்டோக்கொப்பி எடுத்து வேறொரு வீட்டிலும் ஒரு பிரதி வையுங்கள். மூலப் பிரதியை எந்த அலுவலகத்துக்கும் கொடுத்துவிட்டு வராதீர்கள். கூடவே ஒரு கொப்பி. எந்தத் திகதியில் எங்கே போனோம், யாரைச் சந்தித்தோம், என்ன சொன்னார்கள் என்று அன்றன்றே எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். அதனால் அந்தப் பிள்ளைக்கும் வீட்டுக் கதை தெரியவரும்.

காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க விரும்பாதவர்கள், 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி அவர் காணப்படவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெறலாம். அது இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்வதாகாது. அதனையும் வேண்டாம் என்று சொல்லும் தாய்மார் இருக்கிறார்கள். எடுப்பதும் விடுவதும் அவரவர் முடிவு. எடுத்தவர் எடுக்காதவரைக் குறை சொல்ல வேண்டாம். எடுக்காதவர் எடுத்தவரைத் துரோகி என்று பார்க்கவும் வேண்டாம்.

கேட்பதற்கு ஒரு சட்டம்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறைக்கு வந்தது. பிரதேச செயலகம், பிரதேச சபை, பொலிஸ், திணைக்களம் போன்ற பொது அதிகாரசபைகளில் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாவிட்டால் வாயால் சொல்லலாம். அதனை எழுதிக்கொள்வது அந்த உத்தியோகத்தரின் கடமை. கோரிக்கை கிடைத்தது என்பதற்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தொதுக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அங்கும் கிடைக்காவிட்டால் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதங்களுக்குள் எழுதலாம். எல்லாவற்றையும் தமிழில் கேட்கலாம். தேசிய பாதுகாப்பு போன்ற காரணங்களால் சில தகவல்களை மறுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் மறுப்பதற்கும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

பஸ்ஸில் கேள்வி கேட்ட அந்த அம்மாவின் கடிதத்தை அப்படித்தான் எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூன்றே வரிகள்: முறைப்பாட்டின் இலக்கம் என்ன, விசாரணை எந்தத் திகதியில் நடந்தது, அறிக்கையின் பிரதியைத் தர முடியுமா. ஒரு மாதத்துக்குப் பின் பதில் வந்தது. அந்தக் கோவை தம்மிடம் இல்லை, வேறோர் அலுவலகத்திடம் கேட்கவும் என்று அதில் இருந்தது.

எனக்கு ஏமாற்றம். அம்மா கடிதத்தை வாங்கி, உறையில் தனது பெயர் எழுதியிருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "இத்தனை வருசத்துல என்ட பேருக்கு ஒரு பதில் வந்தது இப்பதான்," என்றார். அடுத்த கிழமை அந்த மற்ற அலுவலகத்துக்கும் கடிதம் போனது.

இது வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். மகன் எங்கே என்பது இன்னும் தெரியாது. ஆனால் "எம்மிடம் ஒருவரும் கேட்கவில்லை" என்று இனி எவராலும் சொல்ல முடியாது. இல்லை என்ற பதிலும் ஒரு பதிவுதான்.

உயிரோடு இருப்பவர்களின் காரியங்கள்

காணாமல் போனவரைத் தேடும் பெண்ணுக்கும் குடிநீர் வேண்டும், யானை வராத இரவு வேண்டும், கடன்காரன் வாசலில் நிற்காத காலை வேண்டும். ஊர்வலத்தில் ஒன்றுசேர்ந்த பெண்கள் இவற்றுக்காகவும் ஒன்றுசேரலாம்.

நுண்கடனால் நொந்துபோன பெண்கள் இதற்கு நல்ல உதாரணம். 2018இல் பல மாவட்டங்களில் எழுந்த எதிர்ப்பின் பின்னர், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த, தவணை தவறிய கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. பலருக்கு அது போதவில்லை. 2021 மார்ச் 8, பெண்கள் தினத்தன்று பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினர். 55 நாட்கள் இருந்தனர். கொட்டிலைக் கழற்றிய பின்னரும் தமது கூட்டமைப்பைக் கலைக்கவில்லை. கடன் சட்டங்கள் பற்றித் தொடர்ந்து குரல் கொடுத்து வந்தனர். அவர்கள் சிங்களப் பெண்கள், நாங்கள் தமிழ்ப் பெண்கள் என்று பார்த்தால் கடன்காரனுக்குத்தான் இலாபம்.

எமது ஊருக்குக் கிட்டிய இடம் போரதீவுப்பற்று பிரதேச சபை. உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு 2018 பெப்ரவரி 10 தேர்தலிலேயே முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு இருவர்கூட உறுப்பினர்களாக இருக்கவில்லை. இப்போது சபைகளில் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களோடு கதைத்தோமா? மாதாந்த அமர்வைப் பார்வையாளராகப் போய்ப் பார்த்தோமா? வருட முடிவில் பாதீடு தயாராகும்போது எமது ஒழுங்கைக்கு ஒரு மின்விளக்கு வேண்டும் என்று கடிதம் கொடுத்தோமா? நாலு பெண்கள் பின்வரிசையில் போய் இருந்தாலே பேசுபவர்கள் கவனமாகப் பேசுவார்கள்.

இங்கே ஒரு கவனம் வேண்டும். ஊர்வலத்துக்கு ஆள் சேர்க்க வருபவர்கள் பலர்: கட்சிகள், நிறுவனங்கள், எம்மைப் போன்ற பணியாளர்களும்தான். போகும் முன் கேளுங்கள்: "கோரிக்கையை எழுதியது யார்? எமக்கு வாசித்துக் காட்டுவீர்களா? பிறகு எங்களோடு கூடிக் கதைப்பீர்களா?" பதில் இல்லாவிட்டால் போகாமல் விடுவதும் எமது உரிமை.

பயத்தோடு எப்படி?

ஊர்வலத்துக்குப் போன பெண்ணின் வீட்டுக்கு யாராவது வந்து விசாரித்துவிட்டுப் போவது எமக்குத் தெரியாத கதை அல்ல. மருமகள் பயப்படுவார், அயலவர் வாய் மூடுவர். பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. பயத்தைத் தனியே சுமக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

சமாதானமாக ஒன்றுகூடுவதும் கருத்துச் சொல்வதும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தரும் உரிமைகள். எவராவது விசாரிக்க வந்தால் அவரது பெயரையும் எங்கிருந்து வருகிறார் என்பதையும் கேளுங்கள். உடனே அயலில் ஒருவரைக் கூப்பிடுங்கள். வாசிக்க முடியாத மொழியில் உள்ள கடதாசியில் கையெழுத்து வைக்க வேண்டாம். திகதியையும் நேரத்தையும் கொப்பியில் எழுதுங்கள். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் மட்டக்களப்பில் உள்ளது. 1996 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போவதாயின் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதால் முறைப்பாட்டைத் தள்ளிப்போட வேண்டாம். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

களைப்பும் வரும். ஒரு மாதம் வரமுடியாவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. கொப்பியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு ஓய்வெடுங்கள். சுகமானதும் திரும்பி வாருங்கள்.

சகோதரிகளே, நீங்களும் எங்காவது ஓர் ஊர்வலத்துக்குப் போயிருப்பீர்கள். படம் பத்திரிகையில் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். அன்று பக்கத்தில் நடந்த பெண்ணின் பெயர் நினைவிருந்தால் இந்தக் கிழமையே அவரைப் போய்ப் பாருங்கள். ஒரு கேள்வியைத் தெரிவு செய்யுங்கள். ஒரு திகதியைக் குறியுங்கள். அதுவே போதும் தொடங்குவதற்கு.

எமது அடுத்த கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அம்மாவுக்கு இப்போது நடக்கக் கஷ்டம். பேத்தி சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். கொப்பி இனி அவளது கையில்தான்.